கால் ஊண்டாமல் லிங்கநகர் வரைக்கும்

வவுனியா பஸ் ஸ்ராண்டில அந்தக் கொண்டக்டர் மட்டும் கொஞ்சம் மரியாதையாக் கதைச்சிருந்தா, நாங்கள் பஸ்ஸிலதான் திருகோணமலைக்கு வந்திருப்பம். ரெண்டு சைக்கிளை பஸ்ஸுக்கு மேல ஏத்த ஏலாதாம். ஒண்டெண்டால் பாக்கலாமாம். "ஒண்டை ஏத்திப்போட்டு மற்றதை நான் இடுப்பில வைச்சுக்கொண்டு இருக்கிறதோ" எண்டு கேட்டன். "அப்ப சைக்கிளை ஓடிக்கொண்டு போங்கோவன் அக்கா" எண்டு சொல்லிப்போட்டுப் பல்லைக் காட்டினான். எனக்கு வந்த கோவத்தில, "ஓம், ஓடிக்கொண்டுதான் போகப்போறம், நீ உன்ர பஸ்ஸை நல்லா வடிவாக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இரு" எண்டு சொல்லிப்போட்டன்.

எனக்கு எப்பவும் இப்பிடித்தான். வாய் முந்தி ஓடும், புத்தி பின்னால மூச்சு வாங்கிக்கொண்டு வரும். பக்கத்தில நிண்ட இவர், என்ர மகள் பூரணியின்ர அப்பா, தலையில கையை வைச்சார். வவுனியாவில இருந்து எங்கட வீடு அறுபது மைல். "இராசமலர், உமக்கு விசரே" எண்டு கேட்டார். நான் சைக்கிளைத் திருப்பி ஹொரவப்பொத்தானை றோட்டில விட்டிட்டன். வேற வழியில்லாமல் அவரும் ஏறினார்.

ரெண்டாயிரத்து ரெண்டாம் ஆண்டு ஆவணி மாசம் அது. அரசாங்கமும் இயக்கமும் சண்டை நிப்பாட்ட ஒப்பந்தம் எழுதி, வன்னிக்குப் பாதை திறந்து கொஞ்ச மாசம். சண்டை முடிஞ்சுது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, நிண்டிருக்கு எண்டுதான் சொன்னவை. எங்களுக்கு அது போதும். முள்ளியவளையில என்ர அண்ணன்ர மகள் பெரிய பிள்ளையாகி, அவளுக்குச் சாமத்தியச் சடங்கு. பன்னிரண்டு வருசமா அண்ணன்ர முகத்தைக் காணாதவள் நான், மாமியெண்டு போய் ஆலத்தி எடுக்காமல் இருக்கேலுமோ. இவரையும் இழுத்துக்கொண்டு போனனான். பூரணியைக் கொண்டு போகேல்லை. பதின்மூண்டு வயசுப் பிள்ளையை, இயக்கம் பிள்ளையளைச் சேக்கிற அந்த நேரம், அங்கால கூட்டிக்கொண்டு போக ஆருக்கு மனம் வரும். அவளை இவரின்ர தங்கச்சி புஸ்பராணியோட வீட்டில விட்டிட்டுத்தான் வெளிக்கிட்டது.

திரும்பி வரேக்க ரெண்டு சைக்கிள் எங்களோட வந்துது. ஒண்டு இவரின்ர. தொண்ணூறாம் ஆண்டு ஊரை விட்டு ஓடேக்க அதிலதான் ஓடினது, பிறகு கப்பலில திரும்பி வரேக்க அண்ணனிட்ட விட்டிட்டு வந்தது. மற்றது ஒரு லேடீஸ் சைக்கிள். அண்ணன் தன்ர மருமகளுக்கெண்டு பழைய சைக்கிளொண்டை வாங்கி, பச்சைப் பெயின்ற் அடிச்சு, ரயர் ரியூப் மாத்தி, புது மணியும் பூட்டி வைச்சிருந்தவர். "பூரணி இதில பள்ளிக்கூடம் போகட்டும் தங்கச்சி" எண்டு என்ர கையில தந்தார். எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு. இவர் சந்தோசம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னார், பிறகு வாயே திறக்கேல்லை. ஏனெண்டு எனக்குத் தெரியும்.

எங்கட வீட்டில கனகாலமா நடக்கிற சண்டை இது. பூரணிக்குச் சைக்கிளில பள்ளிக்கூடம் போகவேணும். அவளோட படிக்கிற பிள்ளையள் கும்பலாச் சைக்கிளில போகுதுகள். இவள் மட்டும் பள்ளிக்கூட வானுக்குள்ள நெரிபட்டு, வேர்வையில தோய்ஞ்சு வாறாள். பின்னேரத்தில என்ர சைக்கிளை எடுத்து வளவுக்குள்ள கிணத்தையும் மாமரத்தையும் சுத்திச் சுத்தி ஓடுவாள். படலைக்கு வெளியில ஒரு முழம் போக அப்பா விடமாட்டார். கெஞ்சிப் பாத்தாள், சாப்பிடாமல் கிடந்து பாத்தாள், மனுசன் அசையேல்லை.

இவரையும் நான் ஒரேயடியாக் குறை சொல்லேலாது. எங்கட ஒழுங்கைச் சந்தியில ஒரு ஆமிச் சென்றி, மறிச்சுச் சோதிக்கிற இடம். மண்மூட்டை, தகரப் பீப்பா, முள்ளுக்கம்பி. சைக்கிளில ஆர் வந்தாலும் பீப்பாவுக்கு இஞ்சால இறங்கி, தொப்பி இருந்தால் கழட்டி, அடையாள அட்டை ஐசியைக் கையில பிடிச்சுக்கொண்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போகவேணும். அங்காலப் பீப்பாவைத் தாண்டினாப் பிறகுதான் ஏறலாம். எனக்கு ரவுனில கூட்டுறவுச் சங்கக்கடையில வேலை, காலமையும் பின்னேரமும் அந்த வழியாலதான் போய் வாறனான்.

பூரணி நேசரிக்குப் போன காலத்தில ஒருநாள், இவர் அவளைக் கரியரில வைச்சுக்கொண்டு வந்தவர். பிள்ளை ஏதோ பாட்டுப் பாட, இவரும் சேந்து பாடிக்கொண்டு வந்ததில பீப்பாவைக் கவனிக்கேல்லை, இறங்காமல் ஓடி வந்திட்டார். அங்க நிண்ட ஒருத்தன் கூப்பிட்டுக் கன்னத்தில அடிச்சான். மீசை முளைக்காத பொடியன். பிள்ளை கரியரில இருந்து பாத்துக்கொண்டு இருந்தாள். அண்டைக்கு இரவு இவர் சாப்பிடேல்லை. "என்ர பிள்ளை ஒருத்தனுக்கும் முன்னால இறங்கி நடக்கப் பழகக்கூடாது" எண்டு மட்டும் சொன்னார். அண்டையில இருந்து அவளுக்கு வான்தான். வானை மறிச்சாலும் பள்ளிக்கூடப் பிள்ளையள் இறங்கத் தேவையில்லை, உள்ளுக்க இருக்கலாம்.

சரி, றோட்டுக்கு வாறன். விடிய வெளிக்கிட்டது, நாங்கள் பன்குளத்துக்கு வந்து சேர வெயில் சரியத் தொடங்கீட்டுது. கச்சான் காத்து முதுகில கையை வைச்சுத் தள்ளினபடியால்தான் அவ்வளவு தூரம் வந்தது, இல்லாட்டி ஹொரவப்பொத்தானையிலயே நான் சுருண்டு விழுந்திருப்பன். துடை ரெண்டும் என்ர இல்லை. இருக்கிற இடத்தைப் பற்றிச் சொல்ல வெக்கம். ஆனால் பன்குளம் எண்டு எழுதின போட்டைக் கண்ட உடன எனக்கு ஒரு புழுகம் பிடிச்சுது பாருங்கோ, சின்னப்பிள்ளை மாதிரி மணியை அடிச்சுக்கொண்டு வந்தன். இனி வீடு கிட்டத்தான். இனி வாற காத்தில உப்பு இருக்கும்.

அங்க ஒரு தேத்தண்ணிக் கடையில இருந்து வாய்ப்பன் திண்டு பிளேன்ரி குடிச்சம். வழியில வாங்கின பாலைப்பழத்தைத் திண்டு இவருக்கு உதடு ரெண்டும் ஒட்டிப்போய் இருந்துது, அது ஒரு பகிடி. நான் அந்தச் சந்தோசத்தில கதையைத் தொடங்கினன். "பள்ளிக்கூடம் தொடங்கேக்க பூரணி இந்தச் சைக்கிளில போகட்டும், என்ன?"

அவர் கிளாசைக் கீழ வைச்சார். "அதைப் பற்றிக் கதைக்க வேண்டாம்."

"ஏன் கதைக்கக்கூடாது? இப்ப ஆர் மறிக்கிறான்? ஓடிக்கொண்டு போ போ எண்டுறாங்கள்."

"பேருக்குத்தான் சமாதானம். சென்றியெல்லாம் அங்கங்க அப்பிடியேதான் இருக்கு. நீர் இஞ்ச இருந்து வீட்டுப் படலை வரைக்கும் ஒருக்காலும் இறங்காமல் ஓடிக்காட்டும் பாப்பம், பிறகு கதைப்பம்."

"காட்டினா?"

"காட்டினா அவள் ஓடட்டும். நான் ஒரு சொல்லும் சொல்லன்."

"சத்தியமா?"

"சத்தியம். ஆனால் ஒருக்காக் கால் ஊண்டினாலும் இந்தச் சைக்கிளை வித்துப்போடுவன். பிறகு அவளும் சைக்கிள் எண்டு கேக்கக்கூடாது, நீரும் வாய் திறக்கக்கூடாது."

நான் வாய் திறக்காமல் இருக்கிறதெண்டா அது எவ்வளவு பெரிய பந்தயம் எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்கோ. ஆனாலும் ஓம் எண்டன். முகத்தைக் கழுவி, பாவாடையை இழுத்துச் செருகி, செருப்பு வாரை இறுக்கிப்போட்டு, கடை வாசல் கல்லில காலை வைச்சு ஏறினன். "இப்ப இருந்து கணக்கு" எண்டு சொல்லிப்போட்டு மிதிச்சன்.

முதலாவது சென்றி கொஞ்சத் தூரத்திலயே வந்துது. றோட்டுக்குக் குறுக்கால பீப்பா வைச்சு, வளைஞ்சு வளைஞ்சு போகிற மாதிரி. நான் நல்லா மெதுவாக்கி, ஒரு கையில ஐசியைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையால ஹாண்டிலை ஆட்டி ஆட்டிப் போறன். ஒரு ஆமிக்காரப் பொடியன் கதிரையில இருந்து மாங்காய் திண்டுகொண்டு இருந்தான். என்னைப் பாத்தான். நான் அவனைப் பாத்தன். எழும்பேல்லை. மாங்காய் பிடிச்ச கையை ஆட்டி, "யன்ன, யன்ன" எண்டான். போ எண்டு சொல்லுறான். எனக்கு அவன்ர மாங்காயில ஒரு கடி கடிக்கலாம் போல அவ்வளவு சந்தோசம்.

அங்கால போய்த் திரும்பிப் பாத்தன். இவர் இறங்கி, தொப்பியைக் கழட்டி, உருட்டிக்கொண்டு வாறார். ஆமிக்காரன் அவரையும் ஏறிப் போகச் சொல்லித்தான் கையைக் காட்டுறான். இவர் அவனுக்குத் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு நடக்கிறார். பிறகு மிதிச்சு என்னைப் பிடிக்க அவருக்கு நாக்குத் தள்ளிப் போச்சு. "ஏன் இறங்கினனீங்கள்?" எண்டு கேட்டன். "பந்தயம் உமக்குத்தானே, எனக்கில்லைத்தானே" எண்டார். நான் பெரிசாச் சிரிச்சன். நெஞ்சு நிறைஞ்ச சிரிப்பு.

அடுத்த சென்றியில ஒருத்தரும் வெளியிலயே வரேல்லை, உள்ளுக்க றேடியோவில கிறிக்கெற் போய்க்கொண்டு இருந்துது. அதையும் தாண்டினன். இவரின்ர முகம் இப்ப கொஞ்சம் கறுத்துப் போச்சு. நான் பாட்டுப் பாடத் தொடங்கினன், வேணுமெண்டுதான்.

கன்னியாவுக்குத் திரும்புற சந்தியில, மரத்துக்குக் கீழ, சரீப் நானா நிண்டார். கிண்ணியா ஆள். தயிர்ச் சட்டியளைச் சைக்கிள் கரியரில பெட்டி அடிச்சு அடுக்கிக்கொண்டு ஊரெல்லாம் திரியிறவர். எங்கட சங்கக்கடை வாசலிலதான் கிழமைக்கு ரெண்டு நாள் விப்பார், அதால நல்ல பழக்கம். என்னைக் கண்ட உடன றோட்டுக்கு வந்து ரெண்டு கையையும் விரிச்சு மறிச்சார். "தங்கச்சி, எங்க இருந்து வாறீங்க? நில்லுங்க, தயிர் திண்டுட்டுப் போங்க."

நிக்கேலாதே. அவரைத் தாண்டிப் போகவும் மனம் வரேல்லை, மரியாதை இல்லைத்தானே. நான் அவரைச் சுத்தத் தொடங்கினன். செக்கு மாடு மாதிரி அவரைச் சுத்தி றோட்டில வட்டமாப் போய்க்கொண்டே, "வவுனியாவில இருந்து வாறம் நானா, சுகமா இருக்கிறீங்களோ" எண்டு கேட்டன். அவரும் என்னோட சேந்து நிண்ட இடத்தில சுத்துறார். கொஞ்ச நேரத்தில அவருக்குத் தலை கிறுகிறுத்துப் போச்சு. அந்த நேரம் பாத்து இவர் வந்து சேந்தார். ஆறுதலாக் காலை ஊண்டி இறங்கி, சைக்கிளை மரத்தில சாத்தி, ஒரு சின்னச் சட்டித் தயிரை வாங்கிக் குந்தி இருந்து சாப்பிடத் தொடங்கினார். என்னைப் பாத்துக்கொண்டுதான். சட்டியைத் தூக்கி வேற காட்டினார். எனக்கு வந்த கோவத்துக்கு அந்தச் சட்டியை அவரின்ர தலையில கவிட்டிருப்பன், கால் ஊண்டாமல் அதைச் செய்ய ஏலாது எண்டபடியால் விட்டிட்டன்.

"கனகர், இந்தத் தங்கச்சிக்கு என்ன, கோயிலுக்கு நேத்தி ஏதும் வைச்சிருக்கா?" எண்டு சரீப் நானா இவரைக் கேட்டார்.

இவர் தயிரை வழிச்சு நக்கிக்கொண்டு பந்தயத்தைச் சொன்னார். வீடு வரைக்கும் கால் ஊண்டாமல் போனால் பிள்ளை சைக்கிள் ஓடுவாள், ஊண்டினால் சைக்கிள் விலைக்கு. "எங்கட சந்திச் சென்றி இருக்கே நானா. அதில இருக்கிறவங்கள் இறக்காமல் விடமாட்டாங்கள். அதிலதான் ஆள் இறங்கப்போறா."

சரீப் நானா தலைச்சுத்தோட மரத்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார். "உங்கட சந்தியிலயா? அதைத்தான் எடுத்துட்டானுகளே. முந்தாநாள் லொறி கொண்டாந்து பீப்பாவும் மண்மூட்டையும் எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிட்டானுகள். நான் இண்டைக்குக் காலையில அதாலதான் வந்த. ஒண்டும் இல்ல அதுல. ஆடு படுத்துக் கிடக்குது."

இவரின்ர வாயில வைச்ச தயிர் வாயிலயே நிண்டுது. நான் வட்டத்தை முறிச்சு நேர விட்டன். "நானா, உங்களுக்கு நூறு வயசு" எண்டு கத்திக்கொண்டு மிதிச்சன். பின்னால இவர் சட்டியை வைச்சிட்டுச் சைக்கிளுக்கு ஓடுற சத்தம் கேட்டுது.

அதுக்குப் பிறகு என்னை ஆர் பிடிக்கிறது. காத்து பின்னால, வீடு முன்னால. துடை நோ எங்க போச்சுதெண்டு தெரியாது. பூரணியின்ர முகம்தான் கண்ணுக்குள்ள. படலையால சைக்கிளை நேர உள்ளுக்க விட்டு, அவளின்ர காலடியில நிப்பாட்டி, "இந்தா, உன்ர" எண்டு சொல்லுறதாத்தான் நினைச்சுக்கொண்டு வாறன். அவள் என்ன சட்டை போட்டுக்கொண்டு நிப்பாள், என்ன சொல்லுவாள், எல்லாம் யோசிச்சாச்சு. இவர் வந்து எனக்குப் பக்கத்தில ஓடினார். தோத்த மனுசன் எண்டு பகிடி பண்ண வாயெடுத்தனான், முகத்தைப் பாத்திட்டு விட்டிட்டன். கோவம் இல்லை அது. பயந்து போய் இருந்தார். "றோட்டில லொறி பஸ் எல்லாம் போகும், சின்னப்பிள்ளை" எண்டார். அது அவரின்ர மற்றப் பயத்துக்குப் போட்ட மூடி எண்டு எனக்கு விளங்கிச்சுது. "நான் பழக்கி விடுவன்" எண்டன்.

அநுராதபுரச் சந்திக்குக் கிட்ட வரேக்க கட்டாக்காலி மாடுகள் ஒரு பட்டாளமா றோட்டை அடைச்சுக்கொண்டு படுத்திருக்கு. இந்த ஊர் மாடுகளுக்கு ஆமியும் ஒண்டுதான், இயக்கமும் ஒண்டுதான், ஒண்டுக்கும் எழும்பாதுகள். பின்னால ஒரு பஸ் ஹோனை அடிச்சுக்கொண்டு நெருக்குது. விழப்போறன் எண்டு தெரிஞ்ச உடன கரையில நிண்ட லைற் போஸ்டை எட்டிக் கட்டிப்பிடிச்சன். ரெண்டு காலும் பெடலில, சைக்கிள் ஒருபக்கம் சரிஞ்சு, நான் போஸ்டைக் கட்டிக்கொண்டு தொங்கிறன். பஸ் யன்னலெல்லாம் தலை.

"அது இறங்கினதுதான்" எண்டார் இவர்.

"கையை ஊண்டக்கூடாதெண்டு சொன்னனீங்களோ? நீங்கள் மாட்டைக் கலையுங்கோ."

மனுசன் இறங்கி மாட்டைக் கலைச்சார். அதைத்தான் இண்டைக்கும் நினைச்சால் எனக்கு அவரில ஒரு இரக்கம் வரும். நான் தோக்கவேணும் எண்டு நிண்டவர், மாட்டைக் கலைச்சு எனக்கு வழி விட்டார். நான் போஸ்டை உதைஞ்சு தள்ளிக்கொண்டு வெளிக்கிட்டன்.

சந்தி கழிஞ்சு எங்கட லிங்கநகருக்குத் திரும்புற இடத்தில, வீடுகளுக்கு இடையால உள்துறைமுகத் தண்ணி ஒரு கீறாத் தெரியும். பின்னேர வெயில் அதில பட்டு வெள்ளையாக் கிடந்துது. மீன் வாசமும் உப்பு வாசமும் முகத்தில அடிச்சுது. வந்திட்டன். எனக்குக் கண் நிறைஞ்சு போச்சு. எங்கட ஒழுங்கைச் சந்தி தெரியுது. சரீப் நானா சொன்னது சரிதான், பீப்பா இல்லை, மண்மூட்டை இல்லை, கம்பி இல்லை. பீப்பா இருந்த இடத்தில மண் மட்டும் வட்டம் வட்டமா வெளிறிக் கிடக்குது. ரெண்டு ஆடு. அந்த இடத்தை நான் இப்பிடி வெறுமையாக் கண்டதே இல்லை. சந்திக் கடை வாசலில பூரணி நிக்கிறாள், புஸ்பராணி மாமியோட. பஸ்ஸில வருவம் எண்டு பாத்துக்கொண்டு நிண்டிருக்குதுகள். என்னைக் கண்டிட்டாள். கையைக் காட்டுறாள்.

நான் நடந்துகொண்டு இருந்தன்.

எப்ப இறங்கினனான் எண்டு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. சைக்கிளை இடது கையால உருட்டிக்கொண்டு, தலையைக் குனிஞ்சுகொண்டு நடக்கிறன். பைக்குள்ள கிடந்த ஐசி வலது கையில இருக்குது. முதலாவது வட்டத்துக்கு இஞ்சால இறங்கி, நடுவுக்கு வந்திட்டன். ஆடு ஒண்டு தலையைத் தூக்கி என்னைப் பாத்துது. உண்மையான ஆமிக்காரனுக்கு முன்னால இறங்காமல் வந்தவள், ஆட்டுக்கு முன்னால இறங்கி நடக்கிறன்.

தோத்திட்டன் எண்டு விளங்கினவுடன இவரைத் திரும்பிப் பாத்தன், சிரிச்சுக்கொண்டு வருவார் எண்டு. அவரும் இறங்கி நடந்துதான் வாறார். தொப்பி கையில. ஐசி மற்றக் கையில. என்னைக் கண்ட உடனதான் அவருக்கும் விளங்கிச்சுது. ரெண்டு பேரும் அந்த வெறும் மண்ணுக்கு நடுவில ஆளையாள் பாத்துக்கொண்டு நிண்டம்.

பூரணி ஓடி வந்தாள். "அம்மா, ஏன் நடந்து வாறீங்கள்? காத்துப் போயிட்டுதோ?" எண்டு கேட்டாள். குனிஞ்சு முன் சில்லையும் பின் சில்லையும் பெருவிரலால அமத்திப் பாத்தாள். "காத்து இருக்கே. பிறகு ஏன் இறங்கினனீங்கள்?"

பிள்ளை உண்மையாத்தான் கேக்கிறாள். "அப்பாவைக் கேள்" எண்டன். அப்பா ஐசியைச் சேட்டுப் பைக்குள்ள வைச்சார், திரும்ப எடுத்துப் பாத்தார், பிறகும் வைச்சார்.

அவளுக்கு எங்களைப் பாக்க நேரமில்லை. பச்சைப் பெயின்றைத் தடவினாள், மணியை அடிச்சுப் பாத்தாள். "இது எனக்கோ அம்மா?" எண்டாள். தோத்தவள் நான் எப்பிடி ஓம் எண்டுறது. அவள் ஹாண்டிலை என்ர கையில இருந்து வாங்கி, ரெண்டு தரம் உந்தி ஏறினாள். நாங்கள் வந்த பக்கமாத் திருப்பி ஓடினாள். வெளிறின வட்டங்களுக்கு நடுவால, ஆட்டுக்குப் பக்கத்தால, மெதுவாக்கக்கூட இல்லை. நிமிந்து இருந்து, நேர பெரிய றோட்டைப் பாத்துக்கொண்டு போனாள். அவளுக்கு அது வெறும் றோட்டு.

எனக்கு என்னில வந்த கோவம் கொஞ்சநஞ்சம் இல்லை. "நான் தோத்தனான்" எண்டு இவரிட்டச் சொன்னன். "சொன்னது சொன்னதுதான். நாளைக்கே வித்துப்போடுங்கோ. நான் வாய் திறக்கன்."

அவர் றோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டார். பிள்ளை பெரிய றோட்டடியில திரும்பி, அதே இடத்தால திரும்பவும் வாறாள். காத்து இப்ப அவளுக்குப் பின்னால, எண்டாலும் எழும்பி நிண்டு மிதிக்கிறாள். பீப்பா இருந்த இடத்தைத் தாண்டினாள். நாங்கள் நிண்ட இடத்தைத் தாண்டினாள். திரும்பி மறுபடியும் போனாள்.

"இராசமலர், பாத்தீரே" எண்டார். "அவளுக்குத் தெரியேல்லை."

"என்ன தெரியேல்லை?"

"இஞ்ச இறங்கவேணும் எண்டு."

சொல்லிப்போட்டு அழுதார். கல்யாணம் முடிச்சு அவ்வளவு காலத்தில அவர் அழுது நான் கண்டது அண்டைக்குத்தான். அடி வாங்கின அண்டைக்கும் அழாத மனுசன். புஸ்பராணி மச்சாள் கடை வாசலில இருந்து என்னவோ ஏதோ எண்டு ஓடி வாறா. நானும் அழுதன், சிரிச்சுக்கொண்டுதான் அழுதன், சந்தோசம் எண்டுதான் அதுக்குப் பேர் சொல்லவேணும். நாங்கள் ரெண்டு பேரும் அங்கயே நிண்டம், பிள்ளை மாறி மாறி ஓடிக்கொண்டு இருந்தாள்.

பெரிய றோட்டுப் பக்கம் ஒரு லொறிச் சத்தம் கேட்டுது. இவர் தொப்பியால முகத்தைத் துடைச்சு, அதைத் தலையில போட்டுக்கொண்டு, ரெண்டு அடி முன்னுக்குப் போய் நிண்டு, ஒழுங்கைக்கே கேக்கிற மாதிரிக் கத்தினார்.

"பிள்ளை, கரையால ஓடு. நடு றோட்டால ஓடாத. பள்ளிக்கூடம் போகேக்கயும் கரையாலதான் ஓடோணும், விளங்கிச்சோ?"

அவள் ஓம் அப்பா எண்டு மணியை அடிச்சுக்கொண்டு, கரைக்கு எடுத்து, எங்களைத் தாண்டிப் போனாள்.